உருகிய துளி தண்டில் ஒட்ட: வயர் ஆர்க் ஸ்பிரேயில் வெப்பத்தைக் கையாளும் முழுமையான வழிகாட்டி

தெலுக் இந்தானைச் சுற்றிச் செம்பனைத் தோட்டங்கள், அவற்றுக்கு நடுவே ஆலைகள். ஆலை இருந்தால் தேய்ந்த தண்டு இருக்கும். பேரிங் உட்காரும் இடம் தேய்ந்து ஆடும் ஷாஃப்ட், பள்ளம் விழுந்த பம்ப் ஸ்லீவ், இவைதான் எங்கள் பட்டறைக்கு அதிகம் வருபவை. உருகிய உலோகத்தைத் தெளித்து, தேய்ந்ததை நிரப்பி, மறுபடி அளவுக்குக் கொண்டுவர வேண்டும். அதற்கான முறைதான் வயர் ஆர்க் ஸ்பிரே: கன் என்னும் தெளிப்பானுக்குள் இரண்டு வயர் முனைகளுக்கிடையே எழும் மின்பொறி (ஆர்க்) அவற்றை உருக்கும், அழுத்தக் காற்று அந்த உருக்கைத் துளிகளாக ஊதித் தெளிக்கும்.

புதிதாக வரும் தம்பிகள் கன்னைப் பிடிக்க இரண்டே நாளில் கற்றுக்கொள்கிறார்கள். ஆனால் அவர்கள் பூசியது அரைக்கும்போது வாழைப்பழத் தோல்போல் முழுசாகக் கழன்று வரும். கன் பிடித்த விதத்தில் குறை இருப்பது அபூர்வம். துளியிலிருந்து தண்டுக்கு வெப்பம் போகும் வழியை, அதற்கு முந்தின படிகளில் எங்கோ அடைத்திருப்பார்கள்.

கீழே எடுத்துக்கொண்டிருப்பது 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஸ்டீல் ஷாஃப்ட், 150 மில்லிமீட்டர் நீளப் பேரிங் இருக்கை. அடியில் நிக்கல் அலுமினியம் வயர், மேலே 13 சதவீதக் குரோமியம் ஸ்டீல் வயர். வேறு வேலைக்கு எண்கள் மாறும், படிகளின் வரிசை மாறாது.

1. முதலில் ஒரு சின்னக் கணக்கு

இதைத் தாண்டிப் போகாதீர்கள். பின்னால் வரும் எல்லாப் படிக்கும் காரணம் இதில்தான் இருக்கிறது.

ஒரு துளி சுமார் 50 மைக்ரான் விட்டம், வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 100 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கன்னிலிருந்து தண்டு 150 மில்லிமீட்டர் தூரம். பறக்கும் நேரம் ஒன்றரை மில்லிவினாடி. தண்டில் மோதியதும் துளி, சுவரில் எறிந்த வறட்டிபோல் அப்பி, 200 மைக்ரான் அகலமும் 2 மைக்ரான் தடிப்பும் உள்ள வட்டாகிவிடும். இரும்புக்கும் துளிக்கும் நல்ல தொடர்பு இருந்தால் அந்த வட்டு சில மைக்ரோவினாடியில் உறைந்துவிடும். மைக்ரோவினாடி என்பது ஒரு வினாடியைப் பத்து லட்சமாகப் பிரித்ததில் ஒன்று.

இடையில் ஈரமோ எண்ணெயோ தூசியோ இருந்தால் என்ன ஆகும்? தொடர்பின் வெப்பத் தடை பத்து மடங்கு ஏறினால், உறையும் நேரமும் கிட்டத்தட்டப் பத்து மடங்கு ஏறும். அதற்குள் திரவம் ஓடி, விளிம்பு தூக்கி, நட்சத்திரம்போல் சிதறும். நடுவில் ஒரு சின்னப் பொட்டு மட்டும் ஒட்டியிருக்கும். அடுத்த துளி இந்தச் சிதறலின்மேல் விழும்.

இன்னொரு கணக்கும் பார்த்துவிடலாம். ஸ்டீல் துளி 1,600 டிகிரி, ஸ்டீல் தண்டு 100 டிகிரி. இரண்டும் ஒரே உலோகம் என்பதால், தொட்ட கணத்தில் தொடுமுகத்தின் வெப்பம் ஏறக்குறைய நடுவில், 850 டிகிரியில் நிற்கும். ஸ்டீல் உருக 1,500 டிகிரி அளவு வேண்டும். அதாவது தண்டு உருகாது. இது வெல்டிங் இல்லை. துளி சொரசொரப்பில் இறங்கி, சுருங்கும்போது பல்லைக் கவ்விக்கொள்கிறது, பிடிப்பில் பெரும்பங்கு அவ்வளவுதான். அந்தச் சில மைக்ரோவினாடியில் நாம் கைவைக்க ஒன்றும் இல்லை. செய்ய முடிந்ததெல்லாம் அதற்கு முன்னால்தான்.

2. இந்த வேலை நமக்கு ஏற்றதா

பூச்சு தண்டுக்குப் பலம் சேர்க்காது, அளவை மட்டும் சேர்க்கும். விரிசல் விட்ட தண்டு, பல்சக்கரத்தின் பல், குறுகிய விளிம்பில் அடி வாங்கும் இடம், பிறகு வெல்டிங் வைக்கப் போகும் இடம், இவற்றுக்கெல்லாம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஆலையில் எண்ணெய் பிழியும் ஸ்குரூ பிரஸ்ஸின் புழுவை (திருகுத் தண்டை) கொண்டுவந்து, “இதையும் கொஞ்சம் அடிச்சுக் குடுங்கண்ணே” என்பார்கள். அதன் விளிம்பில் வரும் அழுத்தத்துக்கு இந்தப் பூச்சு தாங்காது. அது வெல்டிங் வேலை.

செம்பு உடம்பா என்றும் பாருங்கள். செம்பு, ஸ்டீலைவிட மிக வேகமாக வெப்பத்தை உள்ளே இழுக்கும். அதே ஸ்டீல் துளி செம்பில் விழுந்தால் தொடுமுகம் 500 டிகிரி அளவில்தான் நிற்கும். பள்ளத்துக்குள் இறங்கும் முன்பே துளி உறைந்துவிடும். ஸ்டீலில் பழகிய கைக்கு இது ஏமாற்றம் தரும்.

3. தொடங்கும் முன் கைக்கெட்டும் தூரத்தில்

பாதியில் ஒன்றைத் தேடிப் போனால் தண்டு ஆறிவிடும், காற்றின் ஈரம் வந்து உட்கார்ந்துவிடும். அதனால் எல்லாவற்றையும் முதலிலேயே எடுத்து வையுங்கள்.

லேத்தில் தண்டு கட்டி, சுற்றிப் பார்த்துவிடுங்கள். முதலில் பூசும் நிக்கல் அலுமினியம் வயரின் இரண்டு இழையையும் கன்னில் ஏற்றி, ஒரு பழைய தகட்டில் பத்து வினாடி அடித்துப் பாருங்கள். தொட்டு அளக்கும் தெர்மோகப்பிள், மைக்ரோமீட்டர், காற்றின் வெப்பமும் ஈரப்பதமும் காட்டும் மீட்டர், சுத்தமான பருத்திக் கையுறை. தொடாமல் வெப்பம் அளக்கும் அகச்சிவப்புக் கன்னை மட்டும் நம்பாதீர்கள். பளபளக்கும் உலோகம் கதிர்வீச்சைக் குறைவாகவே விடும், அதனால் 120 டிகிரித் தண்டை 70 என்று காட்டும். அதைப் பார்த்து மேலும் சூடேற்றி, தண்டை நீலம் பாயவிட்ட தம்பி ஒருவர் எங்களிடம் இருந்தார்.

கம்ப்ரசர் காற்றைச் சோதியுங்கள். ஒரு நிமிடம் வெள்ளைத் தாளின்மேல் ஊதவிட்டால் போதும். தாளில் பொட்டு விழுந்தால் அன்று வேலை இல்லை. ஃபில்டரையும் டிரையரையும் பாருங்கள். இதே காற்றுதான் பிளாஸ்டிங்குக்கும் (கிரிட் என்னும் கூர்துகளை ஊதித் தண்டைச் சொரசொரப்பாக்குவது) துளியை ஊதுவதற்கும்.

ஆர்க் வெளிச்சம் கண்ணைக் கெடுக்கும், சத்தம் காதைக் கெடுக்கும், நிக்கலும் குரோமியமும் கலந்த புகை நுரையீரலைக் கெடுக்கும். வெல்டிங் கண்ணாடி, காதுக்கவசம், புகைக்குரிய வடிகட்டி உள்ள முகமூடி, புகை உறிஞ்சும் ஃபேன், நான்கும் இல்லாமல் சுவிட்சைத் தொடக்கூடாது. துணி கட்டிக்கொண்டால் போதும் என்று நினைப்பவரை நான் பட்டறைக்குள் விடுவதில்லை.

4. எண்ணெயை வெளியே வரவைத்தல்

கச்சாச் செம்பனை எண்ணெய் 35 டிகிரி அளவில்தான் முழுதாக இளகும். காலையில் பட்டறைக்கு வரும் தண்டில் அது பாதி உறைந்த மெழுகாக ஒட்டியிருக்கும். தின்னர் நனைத்த துணியால் துடைத்தால் போய்விட்டதுபோல் தெரியும். போகவில்லை, பரவியிருக்கும்.

முதலில் கரைப்பானால் கழுவுங்கள், காயவிடுங்கள், கரைப்பான் புட்டியை வேறு அறைக்கு எடுத்துப் போங்கள். அதன் பிறகுதான் தீ. தண்டை மெதுவாகச் சூடேற்றினால் பழைய கீறலிலிருந்தும் சாவிக் காடியிலிருந்தும் (சக்கரத்தைத் தண்டோடு பூட்டும் கட்டை உட்காரும் பள்ளம்) எண்ணெய் கசிந்து மேலே வரும். ஆறியபின் மறுபடி கழுவுங்கள். வார்ப்பிரும்பாக இருந்தால் இதை இரண்டு மூன்று தடவை செய்ய வேண்டிவரும், ஏனென்றால் அது எண்ணெயைப் பஞ்சுபோல் உள்ளே வைத்திருக்கும்.

இந்தப் படி பிளாஸ்டிங்குக்கு முன்தான் வர வேண்டும். எண்ணெய்த் தண்டில் கிரிட் அடித்தால் எண்ணெய் பள்ளத்துக்குள் திணிக்கப்படும், கிரிட்டும் கெட்டுப்போகும். அடுத்த நாள் இன்னொருவர் தண்டில் அந்த எண்ணெய் போய்ச் சேரும்.

5. லேத்தில் கீழே வெட்டுதல்

தேய்ந்த இடம் ஒரே சீராகத் தேய்ந்திருக்காது. அப்படியே பூசினால் ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெல்லிசு. சுருக்கமும் சமமாக இருக்காது. விட்டத்தை 99.0 மில்லிமீட்டருக்கு இறக்குங்கள். ஒரு பக்கத்துக்கு அரை மில்லிமீட்டர் பூச்சு கிடைக்கும்.

இரு முனையிலும் செங்குத்துச் சுவர் விடாதீர்கள், 45 டிகிரிச் சரிவு கொடுங்கள். செங்குத்து மூலைக்குள் துளி நேராக விழாது. மூலையில் தூசிதான் சேரும், பூச்சு அங்கிருந்து தூக்க ஆரம்பிக்கும். சாவிக் காடி இருந்தால் கெட்டி மரச்சக்கை செதுக்கி அடைத்துவிடுங்கள்.

கடைசி வெட்டுக்குக் குளிர்விப்பு எண்ணெய் ஊற்றாதீர்கள். நான்காவது படியில் பட்ட பாடு அத்தனையும் வீண்.

6. பிளாஸ்டிங்

24 மெஷ் அலுமினியம் ஆக்சைடு கிரிட், கூர்முனை உள்ளது. உருண்டை ஷாட்டோ கண்ணாடி மணியோ வேண்டாம், அவை தட்டிச் சமனாக்கும், பல் வெட்டாது. மேடு பள்ள உயரம் 50 முதல் 75 மைக்ரான். துளியின் அளவும் அதுதான் என்பதைக் கவனியுங்கள். துளி கவ்வ அதன் அளவுக்குப் பல் வேண்டும்.

அழுத்தத்தைக் கூட்டினால் நல்லது என்று எல்லாரும் முதலில் நினைக்கிறார்கள். 5 பார் அளவே போதும். மேலே போனால் கிரிட் உடைந்து தண்டில் பதியும். பதிந்த ஒவ்வொரு துண்டும் பீங்கான். வெப்பத்தை ஸ்டீலைப்போல் இழுக்காது, அதன்மேல் விழுந்த துளி கவ்வவும் கவ்வாது. ஒரே இடத்தில் நின்று அடிப்பதும் இதே தப்புதான். சாம்பல் நிறம் சீராக வந்ததும் நகர்ந்துவிடுங்கள்.

இனி கை படக்கூடாது. பருத்திக் கையுறை போட்டுத்தான் தூக்க வேண்டும், அதுவும் முனைகளில் மட்டும்.

இங்கிருந்து கடிகாரம் ஓட ஆரம்பிக்கிறது. நம் ஊரில் 30 டிகிரி, ஈரப்பதம் 85 சதவீதம் என்பது சாதாரண நாள். அந்தக் காற்றின் பனிநிலை, அதாவது அதன் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம், 27 டிகிரிக்குச் சற்று மேல். தண்டு அதைவிடக் குறைந்தது 3 டிகிரி மேலே இருக்க வேண்டும், அதாவது 30க்கு மேல். சிமெண்டுத் தரையில் இரவெல்லாம் கிடந்த தண்டு காலையில் அதற்குக் கீழே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் ஏற்கெனவே படிந்திருக்கும். நாலு மணி மழை வரப்போகிறது என்றால் நான் பிளாஸ்டிங்கைத் தொடங்கவே மாட்டேன். கடைசிக் கிரிட்டுக்கும் முதல் துளிக்கும் இடையே அரை மணி நேரம்தான் எங்கள் கணக்கு.

7. சூடேற்றுதல்

புதியவர்கள் தடுமாறும் இடம் இதுதான். ஒரு முறை ஒரு தம்பி கூப்பிட்டார்: “அண்ணே, ஷாஃப்ட் வேர்க்குது!”

உண்மைதான், வேர்த்திருந்தது. ஆக்ஸி அசிட்டிலின் தீ எரியும்போது நீராவி உண்டாகும். குளிர்ந்த தண்டில் தீ பட்டதும் அந்த ஆவி படிந்து வியர்வையாக நிற்கும். அப்புறம் சூடு ஏறியதும் காய்ந்துவிடும். ஆனால் பிளாஸ்ட் செய்த பச்சை இரும்பில் அந்தச் சில வினாடி ஈரமே துருவுக்குப் போதும். அதனால் தீயைப் பூசும் இடத்தில் நேராகக் காட்டாதீர்கள். தண்டு சுற்றிக்கொண்டிருக்க, இருபுறமும் வெளியே இருக்கும் பகுதியைச் சூடேற்றுங்கள், வெப்பம் உள்ளே நடந்து வரட்டும். நடுநிலைத் தீயாக இருக்க வேண்டும். அசிட்டிலின் கூடினால் கரி படியும், ஆக்ஸிஜன் கூடினால் இரும்பு கருகும்.

எவ்வளவு? 100 முதல் 120 டிகிரி. இதில் இரண்டு காரணம் இருக்கிறது. ஒன்று, தண்டின்மேல் ஒட்டியிருக்கும் ஈரத்தை விரட்டுவது. சூடான தோசைக்கல்லில் தண்ணீர்த் துளி ஆவிமேல் மிதந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே தலைகீழ்: துளி சூடு, கல் ஈரம். துளிக்கு அடியில் ஆவிப் படலம் எழும்பி, வெப்பம் போகும் வழியை அடைத்துவிடும். இரண்டு, தண்டு கொஞ்சம் விரிந்திருந்தால், பின்னால் பூச்சோடு சேர்ந்து அதுவும் சுருங்கும். பூச்சில் தங்கும் இழுவிசை குறையும்.

வழவழப்பான தகட்டில் ஆய்வாளர்கள் செய்த சோதனைகளில், ஒரு குறிப்பிட்ட வெப்பத்துக்கு மேல் துளி சிதறாமல் வட்டாக அமர்வதைக் கண்டிருக்கிறார்கள். ஜப்பானின் ஃபுகுமோட்டோ அதற்கு மாறுநிலை வெப்பம் என்ற பொருளில் பெயரிட்டார். உலோக ஜோடியைப் பொறுத்து அது பல நேரம் 120 டிகிரிக்கு நன்றாகவே மேலே இருக்கும். அப்படியானால் 300 வரை ஏற்றலாமே என்று கேட்பீர்கள். திறந்த காற்றில் பிளாஸ்ட் செய்த ஸ்டீலை அவ்வளவு ஏற்றினால் ஆக்சைடு தோல் தடித்துவிடும். ஒரு தடையை எடுத்து இன்னொன்றை வைத்த கதை. அதனால் ஈரம் போகும் அளவோடு நிறுத்திக்கொள்கிறோம்.

வெப்பம் காட்டும் கிரேயானைப் பூசும் இடத்தில் தேய்க்காதீர்கள், அது மெழுகு. பக்கத்தில் தேய்க்கலாம்.

8. ஒரு தரம் கண்ணால் பாருங்கள்

வாடிக்கையாளர் வேலை இல்லாத நாளில் இதைச் செய்யுங்கள். கண்ணாடிபோல் பாலிஷ் போட்ட இரண்டு சின்ன ஸ்டீல் தகடு. ஒன்றை அப்படியே விடுங்கள், இன்னொன்றை ஹாட் பிளேட்டில் 250 டிகிரிக்கு ஏற்றுங்கள். துளிகள் தனித்தனியாக விழும்படி கன்னை ஒரே வீச்சில் வேகமாக இரண்டின் மேலும் இழுத்துவிடுங்கள். ஆறியபின் கணினியில் செருகும் மலிவான நுண்ணோக்கியில் பாருங்கள்.

குளிர்ந்த தகட்டில் விரல் விரலாகச் சிதறியவை அதிகம் இருக்கும். சூடான தகட்டில் வட்டுகள் கூடியிருக்கும். நகத்தால் சுரண்டிப் பாருங்கள், எது முதலில் உதிர்கிறது என்று. அரை மணி நேர வேலைதான், ஆனால் இதைப் பார்த்த தம்பிகள் ஈரத் தண்டில் கன் வைப்பதை நான் பார்த்ததில்லை.

9. பிணைப்புப் பூச்சு

நிக்கல் 95, அலுமினியம் 5 கலந்த வயர். அலுமினியத்தில் கொஞ்சம் வழியிலேயே எரிந்து கூடுதல் வெப்பம் தருகிறது. துளி அதிகச் சூட்டோடு வந்து சேர்வதால் ஸ்டீல் துளியைவிட நன்றாகக் கவ்வும். மாலிப்டினம் வயரும் இதற்குப் பயன்படும். அது உருகுவதே 2,623 டிகிரியில். மாலிப்டினம் ஸ்டீலைவிட வேகமாக வெப்பத்தைக் கடத்துவதால், முதல் படியின் கணக்கைப்போல் தொடுமுகம் நடுவில் நிற்காமல் ஸ்டீலின் உருகுநிலையைத் தாண்டிவிடும். துளியின் அடியில் தண்டே நூலிழை அளவு உருகிப் பிடிக்கும்.

தூரம் 150 மில்லிமீட்டர், கன் தண்டுக்கு நேர் செங்குத்து. தூரம் கூடினால் துளி வழியிலேயே ஆறி, ஆக்சைடு தோல் போர்த்துக்கொண்டு வரும். சில துளி மோதித் துள்ளிவிடும். தூரம் குறைந்தால் ஆர்க்கின் சூடு ஒரே இடத்தில் இறங்கும். கோணம் 45 டிகிரிக்குக் கீழே போனால் ஒவ்வொரு மேட்டின் பின்பக்கமும் நிழலாகி, அங்கே ஓட்டை விழும்.

தடிப்பு 0.1 மில்லிமீட்டர். முழுவதும் மூடினால் போதும், அதற்குமேல் விலைதான் கூடும்.

10. மேல் பூச்சு: இப்போது தண்டின் சூட்டைப் பாருங்கள்

இதுவரை துளியின் சூடு போதாமல் போவதுதான் கவலை. இங்கே நிலைமை மாறுகிறது. 200 ஆம்பியர், 30 வோல்ட் என்றால் 6 கிலோவாட். அதில் பாதி தண்டுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்வோம். 100 மில்லிமீட்டர் தண்டில் 300 மில்லிமீட்டர் நீளம் ஏறக்குறைய 18 கிலோ. அது நிமிடத்துக்கு 20 டிகிரி ஏறும். சமாளிக்கலாம். ஆனால் 2 கிலோ ஸ்லீவ் வினாடிக்கு 3 டிகிரி ஏறும். 100 டிகிரியில் தொடங்கினால், கால் நிமிடத்துக்குச் சற்று மேலே 150ஐத் தொட்டுவிடும். பெரிய தண்டில் பழகியவர் சின்ன ஸ்லீவை நிறுத்தாமல் அடித்து விரிசல் விடவைப்பது இதனால்தான்.

எங்கள் எல்லை 150 டிகிரி. அதைத் தாண்டினால் கன்னை விலக்கி, தண்டு சுற்றியபடியே ஆறவிடுங்கள். பக்கவாட்டில் காய்ந்த காற்று ஊதலாம், துளி வந்து விழும் இடத்தில் ஊதக்கூடாது. தண்ணீர் கிட்டேயே வரக்கூடாது. 100க்குக் கீழே இறங்கவிடவும் வேண்டாம், ஈரம் திரும்பி வரும்.

நிமிடத்துக்கு 100 சுற்று, ஒரு சுற்றுக்கு 7 மில்லிமீட்டர் நகர்வு. கன் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போகும் ஒரு நடைக்கு 0.07 மில்லிமீட்டர் அளவு ஏறும். சீக்கிரம் முடிக்க நகர்வை மெதுவாக்கி ஒரே நடையில் தடிப்பாக ஏற்றினால், உறைந்து சுருங்கும் அடுக்குகளின் இழுவிசை ஒரே இடத்தில் குவிந்து விளிம்பைத் தூக்கும். 13 சதவீதக் குரோமியம் வயரை நாங்கள் விரும்புவதற்குக் காரணம், ஆறும்போது அதன் உள்ளமைப்பு மாறிக் கொஞ்சம் விரிவதால் மொத்தச் சுருக்கம் குறைவு.

நடைக்கு நடை புகைத்தூசி படியாமல் உறிஞ்சி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும்.

11. அளவும் அரைப்பும்

சுடச்சுட மைக்ரோமீட்டர் வைத்து, “100.5 வந்துருச்சுண்ணே” என்று கன்னை அணைத்துவிடுவார்கள். 120 டிகிரியில் இருக்கும் 100 மில்லிமீட்டர் தண்டு, 30 டிகிரிக்கு ஆறும்போது 0.11 மில்லிமீட்டர் சுருங்கும். ஆறியபின் 100.5 வேண்டும் (100க்கு மேலே உள்ளது அரைத்து எடுக்க) என்றால் சூட்டில் 100.6 காட்ட வேண்டும். அளவு குறைந்த இடத்தில் மறுபடி ஒரு நடை போடலாமே என்றால் முடியாது. ஆறி, கை பட்ட பூச்சின்மேல் புதுப் பூச்சு சரியாகப் பிடிக்காது.

தண்டு சுற்றியபடியே தானாக ஆறட்டும். கைபொறுக்கும் சூட்டில் சீலர் தடவுங்கள். பூச்சில் நுண்துளைகள் உண்டு, அரைக்கும் தண்ணீர் உள்ளே போனால் பிறகு துருவாக வெளியே வரும். அப்புறம் சாவிக் காடியின் மரச்சக்கையை எடுத்து, விளிம்பை உள்நோக்கி மட்டும் தேய்த்து முறியுங்கள். வெளிநோக்கித் தேய்த்தால் அரம் பூச்சைத் தூக்கிவிடும். அரைக்கும்போது மெல்லிய வெட்டு, நிறையத் தண்ணீர்.

அப்படியும் கழன்றால், தோலைத் தூக்கி எறியாமல் அதன் உட்பக்கத்தைப் பாருங்கள். நிக்கல் பூச்சும் சேர்ந்து வந்து, உட்பக்கம் பிளாஸ்ட் பல்லின் அச்சை அப்படியே காட்டினால் ஈரம் அல்லது எண்ணெய். நான்கு, ஆறு, ஏழாம் படிகளுக்குத் திரும்புங்கள். பழுப்பு படிந்திருந்தால் அரை மணியைத் தாண்டிவிட்டீர்கள். நிக்கல் தண்டில் நின்று மேல் பூச்சு மட்டும் அடுக்கடுக்காக வந்தால், நடைகளுக்கிடையே தூசி படிந்திருக்கிறது. முனை மட்டும் தூக்கியிருந்தால் 45 டிகிரிச் சரிவையும் தெர்மோகப்பிள் குறிப்பையும் பாருங்கள். குறிப்பு எழுதவில்லை என்றால், அடுத்த தண்டிலிருந்து ஒவ்வொரு நடைக்கும் எழுதத் தொடங்குங்கள். எங்கள் லேத்துக்குப் பக்கத்துச் சுவரில் அதற்கென்று ஒரு பள்ளிக்கூட நோட்டு தொங்குகிறது.